ஒரே கேட், ஒரே கரஸ்பாண்டன்ட். ஆனால் ஒரே பள்ளியா?

கேள்வி: என் மகள் ஈரோட்டில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு தனியார் செஸ் கிளப் நடத்திய பள்ளிகளுக்கான அணிப் போட்டியில் (அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு போர்டு, எதிரணியில் அதே போர்டில் இருப்பவரோடு ஆட வேண்டும்) முதல் போர்டில் ஆடினாள். ஐந்து சுற்றில் 9 மேட்ச் பாயின்ட் (ஒரு சுற்றில் அணி வென்றால் 2, சமன் என்றால் 1) எடுத்து எங்கள் அணி முதலிடம் பெற்றது. ஐந்துக்கு நாலரை எடுத்ததால் முதல் போர்டு பரிசும் அவளுக்கே கிடைத்தது. எல்லாம் மேடையில் கொடுத்தாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. நான்காம் போர்டில் ஆடிய பையன் அதே வளாகத்தில் அதே அறக்கட்டளை நடத்தும் சி.பி.எஸ்.இ. பள்ளி மாணவனாம். அதனால் அணி தகுதி நீக்கம், கோப்பையையும் பரிசுகளையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், நான்கு பிள்ளைகளும் இரண்டு ஆண்டு இந்தப் போட்டியில் ஆடக் கூடாது என்கிறார்கள். போலீசில் புகார் கொடுப்போம் என்றும் மிரட்டுகிறார்கள். பள்ளியில் போய்க் கேட்டால், "ஒரே கேட், ஒரே கரஸ்பாண்டன்ட், அப்புறம் எப்படி வேற பள்ளி ஆகும்? நீங்க கேஸ் போடுங்க" என்கிறார்கள். வழக்குப் போட்டால் கோப்பை நிலைக்குமா?

பதில்: கோப்பை நிலைக்காது என்றே நினைக்கிறேன். உங்கள் மகளின் போர்டு பரிசு நிலைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இரண்டு ஆண்டுத் தடையை எதிர்த்துத்தான் நீங்கள் உண்மையில் சண்டை போட வேண்டும்.

முதலில் பள்ளி சொல்லும் வாதம். கிளப் வெளியிட்ட போட்டி பிராஸ்பெக்டஸில் "நான்கு வீரர்களும் ஒரே பள்ளியில் பயில வேண்டும், தலைமையாசிரியரின் போனஃபைடு சான்று கட்டாயம்" என்று இருக்கிறது. இவர்கள் எங்கள் பள்ளி மாணவர்கள்தான் என்று பள்ளி எழுதித் தரும் சான்று அது. பள்ளி என்றால் என்ன என்று அதில் விளக்கவில்லை. அப்படி விளக்காத இடத்தில் நீதிமன்றம் கேட்டையும் காம்பவுண்ட் சுவரையும் பார்க்காது, அங்கீகாரத்தைப் பார்க்கும். மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு அங்கீகாரம் தருவது மாநில அரசு. மற்றதற்கு இணைப்பு தருவது சி.பி.எஸ்.இ. வாரியம். இரண்டுக்கும் யூ-டைஸ் எண் (அரசுப் பதிவில் ஒவ்வொரு பள்ளிக்கும் தரும் அடையாள எண்) வேறு வேறு, வருகைப் பதிவேடு வேறு, மாற்றுச் சான்றிதழில் போடும் முத்திரையும் வேறு. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பில்கூட தமிழ்நாடு ஓர் அலகு, சி.பி.எஸ்.இ. தனி அலகு. அறக்கட்டளை ஒன்றாக இருப்பதால் பள்ளி ஒன்றாகிவிடாது. வாரியத்திடம் தனிப் பள்ளி என்று சொல்லி இணைப்பு வாங்கிய நிர்வாகம், செஸ் நடுவரிடம் வந்து இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் எந்த நீதிபதி கேட்பார்?

விதி தெளிவாக இல்லாவிட்டால் அதை எழுதியவருக்கு எதிராகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்று ஒரு கோட்பாடு உண்டு. அது உங்களுக்கு உதவியிருக்கும், பள்ளி உண்மையைச் சொல்லியிருந்தால். "மூவர் மெட்ரிக், ஒருவர் சி.பி.எஸ்.இ." என்று எழுதிக் கொடுத்து, அதைப் பார்த்தும் கிளப் அணியைச் சேர்த்துக்கொண்டிருந்தால், பிறகு அவர்கள் வாயைத் திறக்க முடியாது. சட்டத்தில் இதற்கு முரண்தடை என்று பெயர். ஆனால் நீங்கள் அனுப்பிய போனஃபைடு சான்றின் நகலில் நான்கு பெயரும் மெட்ரிக் பள்ளியின் லெட்டர்ஹெட்டில், "எங்கள் பள்ளி மாணவர்கள்" என்று இருக்கிறது. அந்த ஒரு வரியால்தான் கோப்பை போகிறது. அதில் கையெழுத்துப் போட்டது நீங்களும் இல்லை, உங்கள் மகளும் இல்லை.

இப்போது போர்டுக்கு வருவோம். தகுதியில்லாத ஒருவர் ஆடினால் அணியின் முடிவே கெட்டுவிடும் என்று நடுவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அணிப் போட்டிகளில் பொதுவாக போர்டு வரிசையை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், நடுவில் மாற்ற முடியாது. தகுதியில்லாத வீரர் இரண்டாம் போர்டில் இருந்திருந்தால், அவர் இல்லாத அணியில் மூன்றாமவரும் நான்காமவரும் ஒரு படி மேலே ஏறி ஆடியிருக்க வேண்டும். அப்படியென்றால் எதிரணியில் பலரும் தவறான ஆளோடு மோதியிருக்கிறார்கள், முடிவு முழுவதுமே கலங்கிவிடுகிறது. உங்கள் அணியில் அந்தப் பையன் கடைசி போர்டு. அவனை எடுத்துவிட்டாலும் முதல் மூன்று போர்டிலும் யாரோடு யார் ஆடினார்கள் என்பது மாறாது. உங்கள் வழக்கில் சாதகமான விஷயம் இதுதான். பள்ளி சொல்லும் எந்தக் காரணத்தையும்விட இது வலுவானது.

அதற்காக அவன் புள்ளிகளை மட்டும் கழித்துவிட்டுக் கோப்பையை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் சுற்று முடிவுகள் மூன்றரைக்கு அரை, மூன்றுக்கு ஒன்று, இரண்டரைக்கு ஒன்றரை, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு ஒன்று. அவன் முதல் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும் ஜெயித்தான், நான்காவதில் டிரா, மற்ற இரண்டிலும் தோல்வி. நான்காம் போர்டை எல்லாச் சுற்றிலும் எதிரணிக்குக் கொடுத்துவிட்டால் மூன்றாம் சுற்றும் நான்காம் சுற்றும் ஒன்றரைக்கு இரண்டரை என்று தோல்வியாகின்றன. 9 பாயின்ட் 6 ஆகிறது. அதை வைத்து முதலிடம் கிடைக்காது. எனவே கோப்பைக்காக நீதிமன்றம் போவது வீண் செலவு.

உங்கள் மகளின் நாலரை பாயின்ட்டை யாரும் தொட முடியாது. அவள் அந்தப் பள்ளி மாணவிதான், எதிராளிகளும் சரியான எதிராளிகள்தான். ஆட்டங்கள் எதிலும் விதிமீறல் இல்லை. தகுதியில்லாதவர் ஒருவர் ஆடினால் அணியின் தனிநபர் பரிசுகளும் பறிபோகும் என்று பிராஸ்பெக்டஸில் எங்கும் இல்லை. எழுதி வைக்காத தண்டனையைப் போட்டி முடிந்த பிறகு உருவாக்க முடியாது. இரண்டு ஆண்டுத் தடையும் அப்படித்தான். தடை பற்றி ஒரு வரிகூட அந்தத் தாளில் இல்லை. உங்களிடம் விளக்கம் கேட்கவும் இல்லை, நேரே வாட்ஸ்அப்பில் தீர்ப்பு. ஒரு பிள்ளை மீது தண்டனை விதிக்கும் முன் அவள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது இயற்கை நீதி. தடை போடும் அதிகாரம் சட்டத்துக்கு அப்பாற்பட்டது என்று அமைப்புகள் நினைத்துக்கொள்வது புதிதல்ல. அங்கீகாரம் இல்லாத போட்டிகளில் ஆடினார்கள் என்று வீரர்களை ஒதுக்கிய விவகாரத்தில் 2018-ல் இந்தியப் போட்டி ஆணையம் அகில இந்திய செஸ் கூட்டமைப்புக்கே அபராதம் போட்டது. அது சந்தைப் போட்டிச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு, உங்களுடையது வேறு. ஆனாலும் கேள்வி கேட்க முடியும் என்பதற்கு அது சான்று.

"நடுவரின் முடிவே இறுதியானது" என்ற வரியைக் காட்டி உங்களைப் பயமுறுத்துவார்கள். காயைத் தொட்டாரா, கடிகாரத்தில் நேரம் முடிந்ததா என்பதெல்லாம் நடுவர் பாடு, அதில் நீதிமன்றம் தலையிடாது. ஆனால் நீதிமன்றத்துக்கே போகக் கூடாது என்று முழுவதுமாகத் தடுக்கும் ஒப்பந்தம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி செல்லாது.

இதே தகராறு பள்ளிக் கல்வித் துறை நடத்தும் குறுவட்டப் போட்டியிலோ மாவட்டப் போட்டியிலோ வந்திருந்தால் உயர் நீதிமன்றத்தில் நேராக ரிட் மனு போட்டிருக்கலாம், எதிர்த்தரப்பு அரசுத் துறை என்பதால். தனியார் கிளப் அப்படி இல்லை. ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் வாரியம் அரசமைப்பின் 12-ஆம் பிரிவு சொல்லும் 'அரசு' ஆகாது, ஆனாலும் பொதுக் கடமை செய்யும் அமைப்பு என்பதால் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்றது. நாட்டின் கிரிக்கெட்டையே நிர்வகிக்கும் அமைப்புக்குச் சொன்னதை, வார இறுதியில் போட்டி நடத்தும் ஒரு கிளப்புக்குப் பொருத்துவது கடினம். உங்களுக்கான இடம் ஈரோட்டிலேயே இருக்கும் உரிமையியல் நீதிமன்றம். தடை செல்லாது என்று அறிவிக்கவும், அதை அமல்படுத்தாமல் தடுக்கவும் கேட்கலாம். மகள் மைனர் என்பதால் அவள் சார்பில் தாயாக நீங்கள் வழக்காடலாம்.

அங்கே ஒரு சிக்கல் வரும். நுழைவுக் கட்டணம் கட்டி அணியைப் பதிவு செய்தது பள்ளி, ஒப்பந்தம் பள்ளிக்கும் கிளப்புக்கும் இடையில்தான். மைனர் செய்யும் ஒப்பந்தமே செல்லாது என்று 1903-ல் மோஹரி பீபி வழக்கில், அன்று லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் சட்டம். எனவே கோப்பையையோ கட்டணத்தையோ ஒப்பந்தப்படி கேட்க வேண்டியது பள்ளி. "நீங்க கேஸ் போடுங்க" என்று அவர்கள் சொல்வது வேலையை உங்கள் தலையில் தள்ளிவிடும் பேச்சு. தடை அப்படியல்ல, அது நேரடியாக உங்கள் மகள் மீது விழுகிறது. அதை எதிர்க்க அவளுக்குச் சொந்த உரிமை இருக்கிறது.

போலீஸ் மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். தலைமையாசிரியர் தன் கையெழுத்தில் தவறான தகவல் எழுதியது போலி ஆவணம் ஆகாது என்பதை 2009-ல் முகமது இப்ராஹிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன விளக்கத்திலிருந்து வாதிடலாம். மோசடி என்று புகார் கொடுத்தாலும் ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும், அதுவும் சான்று கொடுத்தவரிடம். பிள்ளைகளிடம் அல்ல. அந்த நான்காம் போர்டு பையனைப் பெற்றோர் குழுவில் யாராவது திட்டிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பி.இ.டி. சார் கூப்பிட்டார், அவன் வந்து ஆடினான், அவ்வளவுதான்.

வழக்குக்கு முன் ஒரு கடிதம் போதுமா என்று பாருங்கள். கிளப் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, மாவட்ட செஸ் சங்கத்துக்கு நகல் அனுப்புங்கள். அணித் தகுதி நீக்கத்தை நீங்கள் எதிர்க்கவில்லை என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். போர்டு பரிசு அவளிடமே இருக்க வேண்டும், தடையை எழுத்துமூலம் விலக்க வேண்டும், 15 நாளில் பதில் வேண்டும் என்று கேளுங்கள். சுற்றுவாரி முடிவுகளை இணையுங்கள். பள்ளிக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டு, போனஃபைடில் நான்காவது பெயர் எப்படி வந்தது என்று எழுத்தில் பதில் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் பள்ளி மீது இழப்பீடு கேட்கலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். கல்வி நிறுவனங்கள் தருவது நுகர்வோர் சேவை ஆகாது என்ற பக்கமே உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சாய்ந்திருக்கின்றன. பள்ளி எழுத்தில் தரும் பதில் பின்னால் உரிமையியல் வழக்கு வந்தால் உதவும்.

கோப்பையைப் பள்ளி மூலம் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். போர்டு பரிசைக் கொடுக்காதீர்கள். யாராவது வீட்டுக்கு வந்து கேட்டால், கடிதத்துக்குப் பதில் வந்த பிறகு பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.