1966 மஸ்டாங்குக்கு முழு ‘கிட்’ தேவையா?

கேள்வி: மாமனார் வழியாக எனக்கு வந்த கார் 1966 ஃபோர்டு மஸ்டாங் கூபே. 289 வி8 இன்ஜின், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுப்பேன். போன மாதம் நந்தி மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பெடல் மெல்ல மெல்லக் கீழே போய்விட்டது, வண்டி இடப்பக்கம் இழுத்தது. ஸ்டீயரிங்கிலும் நிறைய பிளே. தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், முன்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இருக்கும்) சஸ்பென்ஷன், ரேக் ஸ்டீயரிங், நான்கு டிஸ்க் பிரேக் எல்லாம் ஒரே கிட்டாக அமெரிக்காவிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். ஆர்சி வேலையையும் அவரே பார்த்துக்கொள்வாராம். பாதிப் பணம் முன்பணம். செய்யலாமா? (வாசகர், அல்சூர், பெங்களூரு)

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் எந்தக் கோளாறுக்கும் முன்பக்கத்தை வெட்ட வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் பெடல் கீழே போனது. டிரம் சூடேறினால் விரியும். உள்ளே இருக்கும் பிரேக் ஷூ அதைத் தொட இன்னும் அதிக தூரம் நகர வேண்டியிருக்கும், அதனால் பெடல் இறங்கும். கூடவே பிரேக் ஆயில் பழையதாக இருந்தால் அதில் ஈரம் சேர்ந்திருக்கும், சூட்டில் அது கொதித்து ஆவியாகிவிடும். ஆவியை அழுத்தி வண்டியை நிறுத்த முடியாது. ஏறக்குறைய 1,300 கிலோ எடையுள்ள வண்டியைக் கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மட்டுமே நம்பி இறக்கினால் இது நடக்கத்தான் செய்யும். இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடிக்க விடுங்கள்.

இடப்பக்கம் இழுப்பது வேறு விஷயம். ஒரு பக்கம் பிரேக் பிடிக்கிறது, மறுபக்கம் சரியாகப் பிடிக்கவில்லை. வீல் சிலிண்டர் கசியலாம், பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி ஆயிலை அடைக்கலாம். நான் முதலில் சந்தேகப்படுவது அட்ஜஸ்டரை. இந்த வண்டியின் டிரம், பின்னோக்கி ஓட்டிப் பிரேக் அடிக்கும்போது தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். அதற்கான பல் சக்கரம் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. மரை எதிரெதிர் திசை. சர்வீஸில் மாற்றிப் பூட்டிவிட்டால் இறுக்க வேண்டிய இடத்தில் தளர்ந்துகொண்டே போகும். டிரம்மைக் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். ரிவர்ஸே எடுக்காமல் ஓட்டி நிறுத்தும் வண்டியிலும் அட்ஜஸ்டர் வேலை செய்யாது.

இதையெல்லாம்விட முக்கியமானது, பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். 1966 மாடலில் அது ஒரே அறை. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967 மாடலில்தான் மஸ்டாங்குக்கு முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரட்டை அறை வந்தது. உங்கள் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். அப்புறம் முன்னால் டிஸ்க். 1966-இலேயே கம்பெனி ஆப்ஷனாக முன் டிஸ்க் உண்டு, ஆகவே வண்டியின் குணத்தை மாற்றுகிறோமோ என்ற கவலை வேண்டாம். பின்னால் டிரம்மே போதும். நான்கு டிஸ்க் என்பது உங்களைப் போல ஓட்டுகிறவருக்குத் தேவையே இல்லாத செலவு.

டிஸ்க் போடும்போதுதான் நம் ஊர்ப் பட்டறைகள் கோட்டை விடுகின்றன. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் பிடித்துவைக்கும் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதையே டிஸ்க்குக்கு வைத்தால் பேடு டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். சில கிலோமீட்டரில் வீல் கொதிக்கும். பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் தேவை, இல்லாவிட்டால் மழையில் அவசரமாக மிதிக்கும்போது பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். ‘அதெல்லாம் வேண்டாம் சார், நாங்க எவ்வளவோ வண்டி பண்ணிட்டோம்’ என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். வி8 மஸ்டாங்குக்கு வீலில் ஐந்து போல்ட், ஆறு சிலிண்டர் வண்டிக்கு நான்கு. மலிவாகக் கிடைக்கும் கிட் பல நேரம் நான்கு போல்ட்டுக்கானது. உங்கள் 14 அங்குல வீல், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் இடிக்குமா என்றும் பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிவாஜிநகரில் கழற்றிய சின்னக் கார் காலிப்பரை லேத்தில் ஒரு பிராக்கெட் கடைந்து மாட்டித் தருகிறேன் என்று ஒருவர் நிச்சயம் வருவார். ஜே.சி. ரோட்டில் இதற்கு ஆள் சொல்லவும் ஆள் உண்டு. அந்தப் பிராக்கெட்டில்தான் உங்கள் குடும்பத்தின் உயிர் தொங்கப்போகிறது. வேண்டாம்.

இனி ஸ்டீயரிங். இந்த வண்டியில் ரேக் கிடையாது, ஸ்டீயரிங்குக்கென்றே தனிப் பல்சக்கரப் பெட்டி (பாக்ஸ்) உள்ள வகை. புதுசாக வந்தபோதே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஐந்து சுற்றுக்குக் கிட்ட சுற்ற வேண்டியிருந்தது. அதைக் குறை என்று எண்ண வேண்டாம். பிளே பெரும்பாலும், பாக்ஸைச் சக்கரங்களோடு இணைக்கும் ஐட்லர் ஆர்மிலும் டை ராட் எண்டுகளிலும்தான் இருக்கும். ஒருவரை ஸ்டீயரிங்கை லேசாக ஆட்டச் சொல்லிவிட்டுக் கீழே குனிந்து பார்த்தால் எந்த மூட்டு சும்மா ஆடுகிறது என்று கண்ணுக்கே தெரியும். அதைப் பார்க்காமல் பாக்ஸின் மேலே இருக்கும் ஸ்குரூவை இறுக்கி, ‘பாருங்க சார், பிளே போயிடுச்சு’ என்பார்கள். போயிருக்கும்தான். நேராக ஓடும் இடத்தில் பாக்ஸ் இறுகிப்போய், வளைவுக்குப் பின் தானாக நேருக்கு வர வேண்டிய ஸ்டீயரிங் வராது. கொஞ்ச நாளில் உள்ளே பற்களும் தேய்ந்துவிடும். அந்த ஸ்குரூ கடைசி வேலை.

சஸ்பென்ஷனுக்கு ரப்பர் புஷ்கள், பால் ஜாயிண்ட், நல்ல ஷாக் அப்சார்பர், பின்னால் லீஃப் ஸ்பிரிங்கின் புஷ். இவ்வளவு போதும். ஒரு எச்சரிக்கை: இதில் முன் ஸ்பிரிங் மேல் ஆர்மின் மேலே உட்கார்ந்திருக்கிறது. சரியான கம்ப்ரசர் இல்லாமல் ஜாக்கியை வைத்துக் கழற்றப் பார்க்கும் பையனைத் தடுத்து நிறுத்துங்கள், அது எகிறினால் ஆளைக் கொன்றுவிடும். ஸ்பிரிங் வெளியே இருக்கும்போதே, அதன் மேல் முனையைத் தாங்கும் ஷாக் டவரில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அலைன்மென்ட் கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் வண்டியின் பெயரே இருக்காது. ‘இதுல அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது’ என்பார்கள். உண்டு. மேல் ஆர்முக்கும் ஷாக் டவருக்கும் நடுவில் மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் சரிசெய்ய வேண்டும். பழைய கையேட்டு எண்கள் அந்தக் காலத்து டயருக்கானவை. ரேடியல் டயருக்குக் கேஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) 2 முதல் 3 டிகிரி பாசிட்டிவ் வேண்டும் என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். நேர் ரோட்டில் வண்டி அலைவது பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும்.

சரி, அந்த முன்பண ஆசாமிக்கு வருகிறேன். இவர்களில் பலர் பொருளை இறக்குமதி செய்கிறவர்கள் அல்ல. உங்கள் பணத்தில் உங்கள் பெயரில் ஆர்டர் போடுகிறவர்கள். சுங்க வரியைக் குறைக்க பில்லில் விலையைக் குறைத்துப் போடச் சொல்வார்கள். பார்சல் சுங்கத்தில் மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், அவர் போனை எடுக்க மாட்டார். எனக்கே ஒருவர் இப்படிச் செய்தார். பார்சலை மீட்கக் கட்டிய தொகையில் அதே பாகத்தை இன்னொரு தடவை வாங்கியிருக்கலாம்.

‘ஆர்சியை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பது அதைவிட ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்சி விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. புஷ்ஷும் பிரேக்கும் ஆர்சியில் ஏறுவதில்லை. அந்தக் கிட்டுக்காக அவர் வெட்டப்போகும் ஷாக் டவரோ வண்டியின் உடலின் பகுதி.

உங்களுக்கு இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2021-இல் வந்த மத்திய விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் என்று ஏற்கின்றன. பழைய பதிவு இருந்தால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஷாக் டவரை ஒருமுறை வெட்டிவிட்டால் அந்தக் கதவை நீங்களே மூடிவிட்டீர்கள். முன் டிஸ்க்கை அதே ஆண்டின் கம்பெனி ஆப்ஷன் என்று காட்டி வாதாட முடியும். வெட்டிய டவருக்கு அப்படி எதுவும் சொல்ல முடியாது. இதிலும் ஒரு வேடிக்கை. விண்டேஜ் பதிவு வாங்கினால் கண்காட்சிக்கும் ராலிக்கும் போகலாம், பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும் எடுக்கலாம். சாதாரணமாக ஓட்டக் கூடாது. அதாவது பங்க்குக்குப் போக அனுமதி உண்டு, பங்க்குக்கு எதிரே உள்ள ஹோட்டலில் தோசை சாப்பிட இல்லை. இதை எழுதியவர்கள் பழைய காரை நிற்கவைத்தே பார்த்தவர்கள் போலும். நீங்கள் ஞாயிறுதோறும் ஓட்டுகிறவர் என்பதால் ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்கும் சாதாரணப் பதிவிலேயே இருந்து, எஃப்சி-க்கு நீங்களே வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாசலில் நிற்கும் புரோக்கர் உங்களை விடமாட்டார், இருந்தாலும் நேரே உள்ளே போங்கள். பின்னால் மனம் மாறி விண்டேஜுக்குப் போக நினைத்தால் மாநிலக் குழு வண்டியை நேரில் பார்க்கும்.

அதனால் கழற்றிய முன் டிரம், ஸ்பிண்டில், பழைய மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் எண்ணெய் தடவி, பெயர் எழுதி, வீட்டுக்கு எடுத்து வாருங்கள். ‘பழைய இரும்பு, நாங்களே போட்டுடறோம் சார்’ என்பார்கள். குஜிரியில் (பழைய பொருள் சந்தையில்) அதற்கு என்ன விலை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.