முதல் பெஞ்ச் போதுமா?

கேள்வி: என் மகள் காதுக் கருவி அணிகிறாள். வழக்கமான பள்ளியில்தான் படிக்கிறாள். முதல் பெஞ்சில் உட்கார வைத்தும் பாடம் புரியவில்லை என்கிறாள். சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. முதல் பெஞ்சில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. பின்னாலிருந்து பதில் சொல்லும் பிள்ளைகளின் முகம் அவளுக்குத் தெரியாதே! இரண்டாம் வரிசை ஓரம் நல்லது. ஜன்னல் ஆசிரியருக்குப் பின்னால் இருக்கக் கூடாது. வெளிச்சம் கண்ணில் அடித்தால் உதட்டசைவு தெரியாது. கரும்பலகையைப் பார்த்தபடி பேசுகிற ஆசிரியர்களும் உண்டு (நிறையவே உண்டு). எழுதி முடித்து, திரும்பிய பிறகு பேசச் சொல்லுங்கள்.

கருவி ஆசிரியர் குரலோடு நாற்காலி இழுபடும் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். ஆசிரியர் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன ஒயர்லெஸ் மைக் இருக்கிறது. குரல் நேரே கருவிக்குப் போய்விடும். மகளின் கருவிக்கு அது பொருந்துமா என்று செவித்திறன் நிபுணரிடம் கேளுங்கள்.

இதெல்லாம் சலுகை கேட்பது ஆகாது. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, பொதுக் கல்வியிலேயே தேவையான மாற்றங்களைச் செய்துதரச் சொல்கிறது.

அப்புறம், "புரிந்ததா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் தலையாட்டிவிடும். "நான் என்ன சொன்னேன்?" என்று ஆசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள்.