பிளஸ் டூவில் 512, முதல் செமஸ்டரில் இரண்டு அரியர்

கேள்வி: நான் விழுப்புரம் மாவட்டத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பிளஸ் டூவில் 600க்கு 512. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) கிடைத்தது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, 2021 ரெகுலேஷன் (விதிமுறை). ஹாஸ்டலில் இருக்கிறேன். முதல் செமஸ்டரில் கணக்கும் இயற்பியலும் போய்விட்டன. படிக்காமல் இல்லை சார். நோட்டைப் பார்த்தால் புரிகிறது, தேர்வில் கை ஓடவில்லை. கிளாஸில் ஆங்கிலம் பாதிதான் பிடிபடுகிறது. செலவுக்காகச் சனி, ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எனக்கு இந்தப் படிப்பு சரிப்படாதோ?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி ஒன்றுதான்: "நோட்டைப் பார்த்தால் புரிகிறது, தேர்வில் கை ஓடவில்லை." இருபது வருஷத்துக்கு மேல் முதலாமாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். இதே வரியை ஒவ்வொரு பிப்ரவரியிலும் யாராவது என் அறை வாசலில் நின்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல மார்க்கோடு வந்த பிள்ளைகள்தான் அதிகம்.

பிளஸ் டூவில் எப்படிப் படித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், அதில் ஒரு ஸ்லிப் டெஸ்ட். தப்பாக எழுதினால் பத்து தடவை இம்போசிஷன். அப்புறம் மாதத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, அதற்கு மேல் ரிவிஷன் தேர்வுகள். ஒரு கணக்கைப் பொதுத்தேர்வுக்கு முன்னால் எத்தனை தடவை பார்க்காமல் எழுதியிருப்பீர்கள்? படித்தது நீங்கள்தான். ஆனால் எதை, எப்போது, எத்தனை தடவை எழுதிப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தது உங்கள் ஆசிரியர்கள். கல்லூரிக்கு வந்ததும் அந்த ஏற்பாடு மொத்தமும் ஒரே நாளில் நின்றுபோயிற்று. ஐந்து யூனிட்டை நடத்தி முடிப்பார்கள், நடுவில் கல்லூரியே நடத்தும் இன்டர்னல் தேர்வு இரண்டு வைப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் மூளை அங்கேயேதான் இருக்கிறது, ஸ்லிப் டெஸ்ட்தான் காணாமல் போய்விட்டது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு சுற்றும் படித்துக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மிச்ச மூன்று சுற்றும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. தேர்வுக்கு முந்தின ராத்திரி நோட்டைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பது அந்த ஐந்து நிமிஷக் கணக்கு. அதை நம்பித்தான் ஏமாந்திருக்கிறீர்கள்.

சரி, என்ன செய்வது? ஸ்லிப் டெஸ்ட்டை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு டைம்டேபிள் போடாதீர்கள். நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஹாஸ்டல் அலமாரியில் ஒட்டிய டைம்டேபிள்கள் நிறையப் பார்த்துவிட்டேன், ஒரு வாரம் தாண்டியது அபூர்வம். அதற்குப் பதில், தினமும் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தோடு படிப்பை முடிச்சுப் போடுங்கள். ராத்திரி மெஸ்ஸில் சாப்பிட்டுக் கை கழுவியதும் நாற்பது நிமிஷம். போன் அந்த நேரம் பக்கத்து அறையில் இருக்கட்டும். அன்று நடத்திய கணக்கில் ஒன்றை எடுத்து ஒரு தடவை படியுங்கள். நோட்டை மூடி ரஃப் பேப்பரில் போடுங்கள். நான்காவது வரியில் நிற்கும். நின்ற இடத்தில் ஒரு சிவப்புக் கோடு. நோட்டைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பாருங்கள். மறுபடி மூடிவிட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பியுங்கள். மறுநாள் புதுக் கணக்குக்குப் போகுமுன் நேற்றைய கணக்கை, இந்த முறை படிக்காமலே, போட்டுப் பாருங்கள். வாரக் கடைசியில் இன்னொரு தடவை. எரிச்சலாக இருக்கும், நோட்டைப் படிப்பது போலச் சுகமாக இருக்காது. அந்த எரிச்சல் வந்தால்தான் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மார்க் கேள்விகளுக்கு அறைத்தோழர் போதும், சாப்பிடப் போகிற வழியிலேயே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளலாம்.

ஆங்கில விஷயத்தில் நீங்கள் பயப்படுவதில் பாதிதான் நியாயம். பேச்சு ஆங்கிலம் வர நாளாகும், பரவாயில்லை. பாடத்துக்கு வேண்டிய ஆங்கிலம் வேறு, அது மிகச் சின்னது. முதல் செமஸ்டர் கணக்கில் ஒரு யூனிட்டுக்கு முப்பது சொற்களுக்கு மேல் தேறாது, அதிலும் பல சொற்களின் பொருள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மேட்ரிக்ஸ் என்றால் நீங்கள் படித்த அணிதான். ரோ (row), காலம் (column) என்றால் நிரை, நிரல். இன்வர்ஸ் நேர்மாறு, ரேங்க் அணித்தரம், பார்ஷியல் டெரிவேடிவ் பகுதி வகைக்கெழு. ஐகன் வேல்யூவும் கெய்லி–ஹாமில்டன் தேற்றமும் புதுசு, மல்டிபிள் இன்டக்ரலும் புதுசு. மற்றபடி அந்தப் பேப்பரின் அடித்தளத்தில் பெரும்பகுதியைத் தமிழில் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். கிளாஸில் யாரும் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு வழி. பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் தமிழ் வழிப் பதிப்பும் ஆங்கில வழிப் பதிப்பும் அரசு இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே பாடம், ஒரே கணக்கு. அணிகள் பாடத்தை இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் படித்தால், எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸும் தராத பாட ஆங்கிலம் வந்துவிடும். இயற்பியலுக்கும் இதையே செய்யலாம். செராக்ஸ் கடையில் கிடைக்கிற லோக்கல் ஆத்தர் புத்தகத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், இரண்டு மார்க்குக்கு உதவும். அதை மட்டுமே நம்புவதுதான் தப்பு.

மார்க் கணக்கையும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். பல பேர் இதைத் தெரிந்துகொள்ளாமலே தோற்கிறார்கள். 2021 விதிமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60 (100க்கு எழுதுவதை 60க்குக் குறைத்துக் கூட்டுவார்கள்). மொத்தம் 50 எடுத்தால் பாஸ். ஆனால் செமஸ்டர் தேர்வில் தனியாக 100க்கு 45 எடுத்திருக்க வேண்டும். இன்டர்னலில் 32 வாங்கிவிட்டு செமஸ்டரில் 40 எடுத்தவருக்குக் கூட்டினால் 56 வரும், ஆனாலும் அரியர்தான். இப்போது கேள்வித்தாளைப் பாருங்கள். இரண்டு மார்க்கில் பத்து கேள்வி, மீதி 80 மார்க்கும் 'இது அல்லது அது' என்ற வகையில் பெரிய கேள்விகள். இரண்டு மார்க்கில் 16 எடுத்தால் மீதி 29தான் வேண்டும். பெரிய கேள்வி இரண்டை முழுசாகப் போட்டு, மூன்றாவதில் சில வரிகள் சரியாக எழுதினால் தாண்டிவிடலாம். ஐந்து யூனிட்டையும் அரைகுறையாகப் புரட்டுவதைவிட மூன்று யூனிட்டைக் கை ஓடுகிற அளவுக்குப் போட்டுப் பார்ப்பது அரியருக்குப் பாதுகாப்பு. இது இந்த ஏப்ரல்–மே தேர்வைத் தாண்டுவதற்கான யோசனை மட்டும். மேல்வகுப்பில் சிக்னல்ஸ் பாடம் வரும்போது விட்ட யூனிட்டுகளையும் படிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது கேட்பது. ஆசிரியர் அறை வாசலில் நின்று "புரியல சார்" என்று சொன்னால், உண்மையைச் சொல்கிறேன், எங்களுக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. "எந்த இடம்?" என்று கேட்போம், நீங்கள் "எல்லாமே சார்" என்பீர்கள், இரண்டு பேருக்கும் சங்கடம். அந்தச் சிவப்புக் கோடு போட்ட ரஃப் பேப்பரை எடுத்துக்கொண்டு போங்கள். "மூன்றாவது வரிவரை வந்துட்டேன் சார், இங்கே மைனஸ் எப்படி வந்துச்சு?" ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை. தமிழிலேயே கேளுங்கள். கிளாஸில் ஆங்கிலத்தில் பேசுகிற ஆசிரியர்களில் நிறையப் பேர் தனியாகக் கேட்டால் தமிழில்தான் சொல்லித் தருவார்கள். ஒருவர் சிடுசிடுத்தால் இன்னொரு செக்‌ஷனுக்கு அதே பாடம் எடுப்பவரிடம் போங்கள்.

கேட்டரிங் வேலையைப் பற்றி. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் முகூர்த்த நாளில் விடிய விடியப் பரிமாறிவிட்டுத் திங்கட்கிழமை முதல் பீரியடில் தூங்குபவரை எனக்குத் தெரியும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்பதாக அறிவித்திருக்கிறது. உங்களிடம் ஹாஸ்டலில் ஏதாவது வசூலித்திருந்தால் ஆபீஸில் கேளுங்கள். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்களைப் போன்றவர்களுக்குத்தான். அது வருகிறதா என்று வங்கிக் கணக்கைப் பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகும் தேவைப்பட்டால் மாதத்தில் இரண்டு நாள் போங்கள், தேர்வுக்கு முந்தின ஆறு வாரம் வேண்டாம்.

கடைசியாக வீட்டு விஷயம். இந்த வாரம் ஊருக்குப் போகும்போது சொல்லிவிடுங்கள். முதலில் அம்மாவிடமா அப்பாவிடமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இன்டர்னல், ரெகுலேஷன் எல்லாம் விளக்க வேண்டாம். "ரெண்டு பேப்பர் நின்னு போச்சு, வர்ற தேர்வுலயே மறுபடி எழுதுறேன், வருஷம் எதுவும் வீணாகாது" என்றால் போதும். பள்ளியில் தோற்றால் அதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டும் என்றுதான் அவர்களுக்குத் தெரியும், அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.