சாமி பதில்கள்: ஆதாம் தின்றதற்கு நாம் ஏன் சாகிறோம்?

தவக்காலம் தொடங்கினால் தபால்காரருக்கு என் வீட்டு வழி மறக்காது. நெற்றியில் சாம்பல் பூசி, "நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்று சொல்லி அனுப்பினால் கேள்வி வராமல் இருக்குமா? இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை சாவைப் பற்றியும் பாவத்தைப் பற்றியும்தான். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து காரை கிராமத்துப் பக்கம் போனால், மழை அரித்த மண்மேடுகளில் நத்தை மாதிரி சுருண்ட கற்கள் கிடைக்கின்றன. 10 கோடி வருடங்களுக்கு முன் கடலில் வாழ்ந்து செத்தவை என்று கல்லூரியில் சொல்கிறார்கள். ஆதாம் பாவம் செய்த பிறகுதான் சாவு வந்தது என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தேன். எதை நம்புவது சாமி?
— கல்லூரி மாணவர், அரியலூர்

இரண்டையும் நம்பலாம் தம்பி. ஆனால் மறைக்கல்வி வகுப்பில் சொன்னதைக் கொஞ்சம் திருத்தமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீங்கள் சொல்லும் கல் அம்மோனைட், சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிர் கல்லாய்ப் போனது. அரியலூர் வட்டாரமே ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. வாரணவாசியில் அதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த உயிர்கள் செத்தது உண்மை. அதற்கும் ஆதாமுக்கும் சம்பந்தமில்லை.

இதைச் சொல்ல நான் டார்வினைத் துணைக்குக் கூப்பிடவில்லை. 13ஆம் நூற்றாண்டில், தொல்லுயிர் ஆராய்ச்சி என்ற பேச்சே இல்லாத காலத்தில், புனித அக்குவினா தோமையார் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். ஏதேனில் சிங்கம் புல் தின்றது, பருந்து கீரை தின்றது என்று அன்றும் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது பொருந்தாத பேச்சு என்று ஒரே போடாகப் போட்டார் அவர். மனிதன் பாவம் செய்ததால் மிருகத்தின் இயல்பு மாறிவிடாது, இன்று இன்னொன்றைக் கொன்று தின்னும் மிருகம் அன்றும் அப்படித்தான் தின்றிருக்கும் என்பது அவர் தீர்ப்பு. ஐந்தாம் அதிகாரம் 12ஆம் வசனத்தில் பவுல் உரோமையருக்கு எழுதியதும் மனிதருக்கு வந்த சாவைப் பற்றித்தான். அங்கே மீனும் இல்லை, நத்தையும் இல்லை.

சரி, மனித உடம்பு மட்டும் சாகாத சரக்கா? திருவிவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலில் மூன்றாம் அதிகாரத்தின் கடைசியைப் படியுங்கள். வாழ்வின் மரத்துக் கனியையும் தின்று மனிதன் என்றென்றும் வாழ்ந்துவிடக் கூடாது என்றுதான் கடவுள் அவனை வெளியே அனுப்புகிறார். சாகாமை உடம்பிலேயே ஊறியிருந்தால் தனியாக ஒரு மரம் எதற்கு? 2ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவின் ஆயராக இருந்த தெயோஃபிலுஸ், மனிதன் சாகும்படியும் படைக்கப்படவில்லை, சாகாதபடியும் படைக்கப்படவில்லை, எந்தப் பக்கமும் போகக்கூடியவனாகப் படைக்கப்பட்டான் என்று எழுதினார். இயல்பில் மண், சாகாமை அருளால் வந்த கொடை. கொடுத்தவரை விட்டு விலகினான், கொடை போயிற்று, மண் மிஞ்சியது. பாவம் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் ஆதாம் செத்துத்தான் இருப்பான் என்ற கருத்தை 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் கண்டித்ததும் இதனால்தான். அதைத் திருச்சபை இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

மனித உடல் எப்படித் தோன்றியது என்று அறிவியலார் ஆராய்வதற்குத் தடையில்லை என்று 1950இலேயே திருத்தந்தை 12ஆம் பயஸ் எழுதிவிட்டார். ஆகவே தைரியமாகக் கல் பொறுக்குங்கள். பொறுக்கியதை வீட்டில் அடுக்காமல் கல்லூரியில் ஒப்படையுங்கள்.

கேள்வி: தின்னும் நாளில் சாவாய் என்றார் கடவுள். சாகமாட்டீர்கள் என்றது பாம்பு. ஆதாம் 930 வயது வரை வாழ்ந்ததாகத் திருவிவிலியமே சொல்கிறது. பாம்பு சொன்னதுதானே பலித்தது?
— ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், திண்டுக்கல்

கணக்கு வாத்தியார் கேட்கிற மாதிரியே கேட்டிருக்கிறீர்கள்!

இந்தக் கேள்வி யூதர்களையும் குடைந்திருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட 'யூபிலிகள்' என்ற நூல், எத்தியோப்பிய சபை திருநூலாகவே வைத்திருப்பது, உங்களுக்குப் பிடித்தமான ஒரு கணக்கைப் போடுகிறது. கடவுளுக்கு 1000 ஆண்டு ஒரு நாள். ஆதாமுக்கு 1000 நிறைய 70 ஆண்டு குறைந்தது. ஆகவே தின்ற 'நாள்' முடிவதற்குள் செத்துவிட்டான். கழித்தல் சரிதான். எனக்கென்னவோ அது வக்கீல் வாதமாகவே படுகிறது.

அந்த நாளில் என்ன நடந்தது என்று கதையே சொல்கிறதே. மாலைக் காற்றில் கடவுள் உலாவும் சத்தம் கேட்டதும் இருவரும் மரங்களுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். அதுவரை ஒளிய வேண்டிய தேவை இருந்ததில்லை. "நீ எங்கே?" என்று கேட்டால், அஞ்சி ஒளிந்தேன் என்கிறான். ஏன் தின்றாய் என்றால், நீர் எனக்குத் துணையாகத் தந்த பெண் கொடுத்தாள் என்கிறான். ஒரே வாக்கியத்தில் மனைவியையும் மாட்டிவிடுகிறான், படைத்தவரையும் மாட்டிவிடுகிறான். அவள் பாம்பைக் காட்டுகிறாள். இத்தனையும் நடந்து முடிந்தபின் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது என்பதற்காகப் பாம்புக்கு மதிப்பெண் போடச் சொல்கிறீர்களா?

இன்னொன்று கவனித்திருக்கிறீர்களா? திருவிவிலியத்தில் முதலில் சாவது ஆதாம் அல்ல. ஏவாளும் அல்ல. அவர்களுடைய இளைய மகன் ஆபேல். வயதாகிச் சாகவில்லை, நோயில் சாகவில்லை. வயல்வெளிக்குக் கூட்டிக்கொண்டுபோய் அண்ணன் அடித்துக் கொன்றான். சாவு எப்படி இருக்கும் என்று ஆதாமும் ஏவாளும் பெற்ற பிள்ளையின் உடம்பில்தான் முதன்முதலாகப் பார்த்திருப்பார்கள். இதைத் தொடக்கநூல் விளக்கிச் சொல்லவில்லை, நாலாம் அதிகாரத்தில் அப்படியே போட்டுவிட்டுப் போகிறது. அதற்குப் பிறகுதான் ஐந்தாம் அதிகாரத்தில் உங்கள் 930 வருகிறது, மெத்துசேலாவின் 969 வருகிறது. எத்தனை நூறு ஆண்டு வாழ்ந்தாலும் ஒவ்வொருவர் கதையும் "பின் இறந்தான்" என்றே முடிகிறது, எட்டு முறை. ஏனோக்கு ஒருவர் மட்டும் தப்பினார், அவரைக் கடவுளே எடுத்துக்கொண்டார். அந்தப் பட்டியலைச் சத்தம்போட்டு வாசித்துப் பாருங்கள். பாம்பு சொன்னது பலித்ததா என்பதற்குப் பதில் அதில் இருக்கிறது.

கேள்வி: அது ஆப்பிள் பழம்தானா?
— ஐந்தாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

என்ன பழம் என்று வேதத்தில் இல்லை கண்ணு. பேர் சொல்லியிருக்கிற ஒரே மரம் அத்திமரம், அதுவும் இலையைத் தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டதற்காக. ஆப்பிள் வரைந்தது ஐரோப்பிய ஓவியர்கள். அதனால் நீ தாராளமாகச் சாப்பிடு.

கேள்வி: வீட்டில் என்ன நடந்தாலும் "ஏவாள் புத்தி" என்கிறார் மாமியார். பாவத்துக்குப் பெண்தான் காரணமா?
— குடும்பத் தலைவி, திருச்சி

அப்படி ஒரு வரி இருக்கிறது, மறைக்க மாட்டேன். சீராக் நூல் 25ஆம் அதிகாரத்தில் பெண்ணிலிருந்தே பாவம் தொடங்கியது என்று வரும். ஆனால் உரோமையர் திருமுகத்தில் இதை விரிவாகப் பேசும்போது பவுல் பெண்ணின் பெயரையே எடுக்கவில்லை, "ஒரு மனிதன்" என்று ஆதாமைத்தான் பிடிக்கிறார். சாலமோனின் ஞானம் என்ற நூல் சாவுக்குக் காரணமாகச் சாத்தானின் பொறாமையைச் சொல்கிறது. தொடக்கநூல் 3:6இல் அவள் பழத்தைத் தன்னோடு இருந்த கணவனுக்கும் கொடுத்தாள் என்று இருக்கிறது. பக்கத்திலேயே நின்றிருக்கிறான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை தடுக்கவில்லை. கட்டளையைக் கடவுளிடமிருந்து நேரடியாகக் கேட்டவனும் அவன்தான், அப்போது அவள் படைக்கப்படவே இல்லை. அடுத்த முறை மாமியார் சொன்னால், "ஆதாம் புத்தியைப் பற்றியும் சொல்லுங்கள் அத்தை" என்று கேட்டுப் பாருங்கள். சண்டை வந்தால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஏழாம் மாதத்திலேயே வலி வந்து, பிறந்த கொஞ்ச நேரத்தில் என் குழந்தை இறந்துவிட்டது. ஞானஸ்நானம் கொடுக்க முடியவில்லை. ஜென்மப் பாவத்தோடு போன பிள்ளை, மோட்சத்தில் சேராது என்று எங்கள் உறவில் ஒரு பெரியவர் சொல்கிறார். நான் என்ன செய்ய, சாமி?
— பெயர் வேண்டாம், கடற்கரை ஊர்

அம்மா, உங்கள் கடிதத்தை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே படித்துவிட்டேன். பதில் எழுதத்தான் நாளாயிற்று.

அந்தப் பெரியவர் இதைத் தானாகக் கற்பனை செய்யவில்லை. சின்ன வயதில் அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 5ஆம் நூற்றாண்டில் புனித அகுஸ்தினார், ஜென்மப் பாவமே கிடையாது என்ற பெலாஜியுஸ் கூட்டத்தாரோடு வாதாடும்போது, ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கும் குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் மிக மெல்லிய தண்டனை என்று சொன்னார். பெரிய ஞானிதான். ஆனாலும் இந்த இடத்தில் அவரோடு நிற்க என்னால் முடியாது. பின்னால் வந்த அறிஞர்களாலும் முடியவில்லை. அதனால்தான் இடைக்காலத்தில் 'லிம்போ' என்று ஓர் இடத்தைச் சொன்னார்கள். அங்கே துன்பமில்லை, ஆனால் கடவுளைக் காண முடியாது. மறைக்கல்வி வகுப்புகளில் அது நெடுங்காலம் சொல்லிக்கொடுக்கப்பட்டது. ஆனால் விசுவாசக் கோட்பாடாகத் திருச்சபை அதை ஒருபோதும் வரையறுக்கவில்லை.

ஜென்மப் பாவம் என்றால் என்ன? குழந்தை செய்த பாவமா? இல்லவே இல்லை. அது செய்த பாவமல்ல, பிறப்போடு வந்துசேர்ந்த நிலை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே 404ஆம் எண்ணில் சொல்கிறது. அப்பன் வீட்டை விற்றுக் குடித்துவிட்டால் பிள்ளை வாடகை வீட்டில் பிறக்கிறது. பிள்ளை குடிகாரனா? வீடு இல்லை, அவ்வளவுதான். கிழக்கத்திய சபையினர் இதை இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்: ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவு, அவனுடைய குற்றம் அல்ல. எசேக்கியேல் 18ஆம் அதிகாரமும் அதுதான், தந்தையின் குற்றத்தை மகன் சுமக்கமாட்டான்.

நான் பங்குச்சாமியாக இருந்த ஒரு கடற்கரை ஊரில், கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, உடைமரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன மேடுகள் இருந்தன. தலைமாட்டில் சிலுவை கிடையாது, கடற்கரையில் பொறுக்கிய கல் ஒன்று இருக்கும். சிலவற்றில் அதுவும் இல்லை. ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளை மந்திரித்த மண்ணில் புதைக்கக்கூடாது என்று இருந்த காலத்தில் புதைத்தவை. ஊரில் யாரும் அவற்றைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஆனால் கல்லறைத் திருநாளன்று தாய்மார்கள் உள்ளே மெழுகுதிரி ஏற்றிவிட்டு, பூவில் கொஞ்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போவார்கள். எந்த மேடு யாருடையது என்று கோயில்பிள்ளைக்கு மனப்பாடம், பாதிக் குழிகளை அவரே வெட்டியவர். மதில் ஒரு மழையில் சரிந்தபோது, திரும்பக் கட்டும் கொத்தனாரிடம் கோட்டைத் தள்ளிப் போடச் சொன்னேன். அந்த மேடுகள் அத்தனையும் உள்ளே வந்தன. மண்ணை மந்திரித்தேன். ஊர்க்கமிட்டியில் ஒருவர் செங்கல் செலவைப் பற்றிக் கேட்டார். வேறு எதையும் யாரும் கேட்கவில்லை.

திருச்சபையும் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறது. 2007இல், திருத்தந்தை 16ஆம் பெனடிக்டின் ஒப்புதலோடு, பன்னாட்டு இறையியல் ஆணையம் இதற்கென்றே நீண்ட ஆவணம் வெளியிட்டது. இக்குழந்தைகள் மீட்படைந்து கடவுளைக் காண்பார்கள் என்று எதிர்நோக்கி இருக்க வலுவான காரணங்கள் உண்டு என்பது அதன் முடிவு. மறைக்கல்வி நூல் 1261ஆம் எண் இவர்களைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது, "சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள்" என்று இயேசு சொன்னதையும் அங்கேயே நினைவுபடுத்துகிறது. 'எதிர்நோக்கு' என்பது வெறும் ஆறுதல் வார்த்தைதானே என்று நினைக்காதீர்கள். உங்கள் பெரியவர் இறந்தாலும் அவருக்காகத் திருச்சபை வைத்திருப்பது அதே எதிர்நோக்குத்தான்.

செய்ய வேண்டியதைக் கேட்டீர்கள். பிள்ளைக்குப் பெயர் வையுங்கள், வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பங்கில் பூசைக்கு ஒப்புக்கொடுங்கள். ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைக்கென்றே திருப்பலிப் புத்தகத்தில் செபங்கள் இருக்கின்றன. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்தால், ஆயரின் அனுமதியோடு அந்தக் குழந்தைக்கு முறையான அடக்கச் சடங்கே நடத்தலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1183ஆம் எண்ணில் இருக்கிறது. பங்குச்சாமி தயங்கினால் இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். அவருக்கும் கோபம் வந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: பாவத்தினால்தான் சாவு என்றால், ஜென்மப் பாவமே இல்லாத மாதா இறந்தார்களா, இல்லையா?
— மரியாயின் சேனை உறுப்பினர், வேளாங்கண்ணி

மடக்கிப் பிடித்துவிட்டீர்கள். மாதா ஜென்மப் பாவமின்றி உற்பவித்தார் என்று 1854இல் பிரகடனம். உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று 1950இல் பிரகடனம். இந்த இரண்டாவதில் 12ஆம் பயஸ் வார்த்தைகளை அளந்து போட்டிருக்கிறார்: மண்ணக வாழ்வின் ஓட்டத்தை முடித்தபின் எடுத்துக்கொள்ளப்பட்டார் என்கிறார். இறந்தபின் என்றும் சொல்லவில்லை, இறக்காமல் என்றும் சொல்லவில்லை. வேண்டுமென்றே திறந்துவிட்டார். கிழக்கத்திய சபைகளில் ஆகஸ்ட் 15ஆம் நாளுக்கே 'மாதாவின் துயில்' என்றுதான் பெயர். அவர்கள் ஓவியங்களில் மாதா படுக்கையில் கிடத்தப்பட்டிருக்க, சுற்றிலும் திருத்தூதர்கள் நிற்பார்கள்.

என்னைக் கேட்டால், இறந்தார்கள் என்பேன். திருத்தந்தை 2ஆம் யோவான் பவுலும் 1997 ஜூன் மாதம் புதன் மறைக்கல்வி உரையில் அந்தப் பக்கமே பேசினார். பாவமே இல்லாத மகன் கல்லறைக்குள் போயிருக்கும்போது, தாய் மட்டும் அந்த வழியாகப் போகாமலிருந்தார் என்று சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை.