எடிசனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு: டி.வி.யைப் பதிவு செய்து பார்க்க எது நல்லது?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, மூன்றாவது மாடியில் வீடு, கிழக்கு பார்த்த பால்கனி. இணைய இணைப்பு கேட்கப் போனால் கேபிள்காரர்கள் டி.வி.யையும் பதிவுப் பெட்டியையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள். பெட்டிக்கு மட்டும் மாதம் 15 டாலர். வீட்டில் மனைவியும் ஐந்து வயது மகளும். ஜனவரியில் அம்மா ஆறு மாதம் தங்க வருகிறார்கள். உங்களுக்கு வேலை முடிந்து வந்து கால்பந்து பார்க்க வேண்டும். "எந்த டி.வி.ஆர். (டி.வி.யைப் பதிவு செய்யும் பெட்டி) வாங்கலாம் அண்ணா, டிவோ கம்பெனிப் பெட்டி இன்னும் நல்லதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் நியூ ஜெர்சிக்கு வந்தது 2004-ல். இத்தனை வருடத்தில் நான்கு விதமான பெட்டிகள் என் வீட்டுக்கு வந்து போயிருக்கின்றன. பெட்டியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

நாங்களும் முதலில் கேபிள்காரரின் பெட்டியைத்தான் வாடகைக்கு எடுத்தோம். ஒரு தை மாதம், எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் கோலாட்டம் ஆடியதை உள்ளூர்ச் செய்தியில் நாற்பது விநாடி காட்டினார்கள். என் மகள் இரண்டாவது வரிசையில், பச்சைப் பாவாடையில். அது பெட்டியில் பதிவாகியிருந்தது. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது தினமும் சாப்பிட்டுக் கை கழுவியதும் அதைப் போடச் சொல்வார்கள். 2011-ல் வீடு மாறினோம், பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். கவுண்டரில் இருந்தவரிடம் பதிவுகளை எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். பவர் கம்பியைச் சுற்றி, பெட்டியின் மேல் வைத்து, பின்னால் இருந்த பெரிய தொட்டியில் போட்டார். அவ்வளவுதான், போய்விட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரம் சொல்லாமலே இருந்தேன்.

அதனால் நான் பார்க்கும் முதல் கணக்கு இதுதான்: பதிவு யார் கையில் இருக்கிறது? விலையைக்கூட அதற்கு அப்புறம்தான் பார்ப்பேன். விலையிலும் கேபிள் பெட்டி தேறாது. மாதம் 15 என்றால் வருடத்துக்கு 180, மூன்று வருடத்தில் 540 டாலர். இது பெட்டிக்கு மட்டும். சேனல் கட்டணமும், பில்லில் வேறு பெயர்களில் ஏறும் கட்டணங்களும் தனி. இணையத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சேர்த்து எடுத்தால் மலிவு என்பார்கள். முதல் வருடம் முடிந்ததும் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்.

அடுத்து, நம் ஆட்கள் பலருக்கு வந்து பல வருடம் ஆகியும் தெரியாத ஒன்று. இங்கே முக்கியமான சேனல்கள் காற்றில் இலவசமாக வருகின்றன. ஊரில் தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடியில் மீன் முள் மாதிரி ஆன்டெனா நின்றதே, அதே வழிதான். 2009 ஜூன் 12-ல் பெரிய நிலையங்கள் எல்லாம் முழுக்க டிஜிட்டலுக்கு மாறிவிட்டதால் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். சி.பி.எஸ். 2-ல், என்.பி.சி. 4-ல், ஃபாக்ஸ் 5-ல், ஏ.பி.சி. 7-ல், பி.பி.எஸ். 13-ல். மன்ஹாட்டனில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலும் ஒன் வேர்ல்ட் ட்ரேட் சென்டரிலும் இருந்து ஒளிபரப்பு வருகிறது. எடிசனிலிருந்து சுமார் 30 மைல். உங்கள் பால்கனி கிழக்கு பார்த்தது என்றீர்களே, மன்ஹாட்டன் உங்களுக்கு வடகிழக்கில் இருக்கிறது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆனால் ஆன்டெனா வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடையில் காகிதம் மாதிரித் தட்டையாக, ஜன்னலில் ஒட்டும் ஆன்டெனாவைத்தான் முதலில் காட்டுவார்கள். அதில் 2, 4, 5 நன்றாக வரும். 7, 11, 13 மட்டும் துண்டு துண்டாக உடையும், அல்லது வரவே வராது. நானும் பெட்டி பழுது என்று நினைத்து இரண்டு நாள் கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். காரணம் அலைவரிசை. அந்த மூன்று நிலையங்களும் இன்னும் வி.ஹெச்.எஃப். என்ற நீளமான அலைப் பகுதியில் ஒளிபரப்புகின்றன, 2, 4, 5 மூன்றும் யு.ஹெச்.எஃப். என்ற நீளம் குறைந்த அலைப் பகுதியில். வி.ஹெச்.எஃப். அலைக்கு நீளமான கம்பி வேண்டும். ஆகவே இரண்டு கம்பி நீட்டி மடக்கும் பழைய மாதிரி ஆன்டெனா, அல்லது இரண்டு பகுதிக்கும் சேர்த்து என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்குங்கள். கொசுவலை உலோகக் கம்பியில் செய்ததாக இருந்தால் அதற்குப் பின்னால் வைக்காதீர்கள். மலிவான எல்.இ.டி. பல்பு பக்கத்தில் எரிந்தாலும் 7 தடுமாறும். என் வீட்டில் சமையலறை விளக்கைப் போட்டால் செய்தி வாசிப்பவரின் முகம் கட்டம் கட்டமாகிவிடும். பல்பை மாற்றியதும் சரியாகிவிட்டது.

வீட்டுச் சொந்தக்காரர் ஆன்டெனா வைக்கக் கூடாது என்றால் பயப்பட வேண்டாம். தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதி ஒன்று 1996 முதல் இருக்கிறது. நீங்கள் மட்டும் பயன்படுத்தும் பால்கனியில் டி.வி. ஆன்டெனா வைப்பதை லீஸில் எழுதித் தடுக்க முடியாது. வாடகைதாரருக்கும் இந்த விதி உண்டு. ஆனால் பொதுக் கூரையில் ஏற்றவோ வெளிச்சுவரைத் துளைக்கவோ அது உரிமை தராது. கனமான பூந்தொட்டியில் சிறு கம்பம் நட்டு அதில் கட்டிவிடுங்கள்.

சரி, இப்போது பெட்டிக்கு வருவோம்.

டிவோ பற்றிக் கேட்டீர்கள். 1999-ல் வந்து, நேரலையை நிறுத்தி வைத்துப் பார்ப்பது, ஒரு தொடரின் எல்லாப் பகுதிகளையும் தானாகப் பிடிப்பது என்பதையெல்லாம் வீட்டுக்கு வீடு பழக்கிய பெட்டி அது. அந்த ரிமோட் மாதிரி கைக்கு அடக்கமான ரிமோட்டை நான் அப்புறம் பார்க்கவில்லை. ஆனால் 2025 அக்டோபரோடு அந்த நிறுவனம் பெட்டி விற்பதை நிறுத்திவிட்டது. பழையது, வாழ்நாள் சந்தாவோடு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டுவார்கள். என்ன நிகழ்ச்சி எப்போது என்ற அட்டவணையை நிறுவனம் அனுப்பினால்தான் அந்தப் பெட்டிக்குக் கண் தெரியும். புதிதாகத் தொடங்குகிற நீங்கள் அதில் பணம் போடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது டாப்லோ, இல்லையென்றால் ஹெச்.டி. ஹோம்ரன். இரண்டையும் டி.வி.யோடு நேராக இணைக்க முடியாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனா கம்பியைப் பெட்டியில் சொருகி, பெட்டியை ரூட்டரில் (டாப்லோ என்றால் வைஃபையிலும்) சேர்த்துவிட்டால், ரோக்கு, ஃபயர் டி.வி. மாதிரி டி.வி.யில் மாட்டும் இணையக் கருவி ஒன்றின் செயலி வழியாக வீட்டில் எந்த டி.வி.யிலும் பார்க்கலாம். அம்மா அறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று என்று இருந்தாலும் ஒரே பெட்டி போதும்.

டாப்லோவின் நான்காம் தலைமுறைப் பெட்டி 2023-ல் சுமார் 100 டாலருக்கு வந்தது. மாதச் சந்தா கிடையாது, அட்டவணையும் இலவசம். இரண்டு ட்யூனர், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு சேனல். நான்கு ட்யூனர் உள்ளதும் உண்டு. உள்ளே 128 ஜிபி இடம், சுமார் 50 மணி நேரம் பிடிக்கும் என்கிறார்கள். போதாவிட்டால் வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டலாம். மாட்டி, ஊர்க் குறியீட்டைக் கொடுத்து, சேனல் தேடவிட்டால் அரை மணியில் வேலை முடிந்தது. வீட்டில் எல்லோரும் சுலபமாகப் பயன்படுத்த இதுதான் சரி.

ஹெச்.டி. ஹோம்ரன் கொஞ்சம் கை வேலை கேட்கும். பதிவு வசதிக்கு வருடம் 35 டாலர், ஹார்ட் டிஸ்க்கையும் நீங்களே சேர்க்க வேண்டும். ஆனால் காற்றில் வந்த ஒளிபரப்பை அப்படியே, சுருக்காமல் சாதாரணக் கோப்பாக எழுதி வைக்கும். ஹெச்.டி.யில் ஒரு மணி நேரம் 5 முதல் 8 ஜிபி வரை போகும். அந்தக் கோப்பைப் பென் டிரைவில் போடலாம், ஊருக்கு எடுத்துப் போகலாம், பத்து வருடம் கழித்தும் திறக்கலாம். என் வீட்டில் இப்போது இருப்பது இதுதான். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

யூடியூப் டி.வி. மாதிரி மேகத்தில், அதாவது இணையம் வழியாக அவர்களுடைய கணினிகளிலேயே, பதிவு செய்யும் சேவைகளையும் நண்பர்கள் சொல்வார்கள். இட வரம்பு இல்லை, ஒன்பது மாதம் வைத்திருக்கும், வசதிதான். ஆனால் 2017-ல் மாதம் 35 டாலரில் தொடங்கியது 2025-ல் 82.99 ஆகிவிட்டது. 2025 அக்டோபர் 30 முதல் நவம்பர் 14 வரை டிஸ்னியோடு அவர்களுக்கு ஒப்பந்தத் தகராறு வந்தபோது ஏ.பி.சி., ஈ.எஸ்.பி.என். எல்லாம் அதிலிருந்து போயின. அந்தச் சேனல்களில் பதிவு செய்து வைத்திருந்தவையும் கூடவே போயின. அந்த இரண்டு வாரமும் என் ஆன்டெனாவில் 7 வந்துகொண்டுதான் இருந்தது.

வீட்டில் பதிவு செய்வது சட்டப்படி சரியா என்று மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். சரிதான். பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது தவறல்ல என்று 1984-லேயே இங்கே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. குழந்தைகளுக்காக பி.பி.எஸ்.-ல் நிகழ்ச்சி நடத்திய ஃப்ரெட் ராஜர்ஸ், குழந்தைகள் நிகழ்ச்சியைப் பதிவு செய்து பொருத்தமான நேரத்தில் காட்ட முடிவது குடும்பங்களுக்கு நல்ல உதவி என்று சாட்சி சொன்னார். நீதிபதிகள் அதை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

இனி, பயன்படுத்தும் விதம். உங்கள் கால்பந்துக்கு ஒன்று: விளையாட்டைப் பதிவு செய்யும்போது முடியும் நேரத்தோடு கட்டாயம் ஒரு மணி நேரம் கூட்டிப் போடுங்கள். பெட்டி அட்டவணையைத்தான் நம்பும், ஆட்டம் அதற்குக் கட்டுப்படாது. கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது பதிவு நின்று, திரை கறுத்து, நான் ரிமோட்டோடு எழுந்து நின்ற ராத்திரி இன்னும் ஞாபகம் இருக்கிறது. 2026 ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை உலகக் கோப்பை. இறுதி ஆட்டமே நம் மாநிலத்தில், ஈஸ்ட் ரதர்ஃபோர்டில். ஆங்கில ஒளிபரப்பு ஃபாக்ஸிடம் இருக்கிறது, பெரும்பாலான ஆட்டங்கள் காற்றில் 5-லேயே வரும். கூடுதல் நேரம், பெனால்டி எல்லாம் இருக்கிறதே, அதற்கும் இடம் விட்டுப் பதிவு போடுங்கள்.

மகளுக்கு பி.பி.எஸ். கிட்ஸ். நாள் முழுக்க வருகிறது, இடையில் பொம்மை விளம்பரம் இல்லை. இன்னும் சில வருடம் போனால் ஸ்பெல்லிங் பீ என்ற ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டியைப் பார்க்க ஆசைப்படுவாள்; நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த மேடையில் ஏறுகிறார்கள். 2022 முதல் அது அயான் சேனலில், காற்றில் இலவசமாக வருகிறது.

மனைவிக்கு இது எப்படி உதவும் என்று என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வந்த புதிதில் என் மனைவிக்கு இங்கத்தி ஆங்கிலம் காதில் ஏறவில்லை. காலைச் செய்தியைப் பதிவு செய்து, எழுத்து ஓடும்படி வைத்து, வானிலைக்காரர் பேசும் இடத்தில் மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள். 'விண்ட் சில்' என்ற சொல்லை அப்படித்தான் பிடித்தாள். வெப்பமானி ஃபாரன்ஹீட்டில் 25 காட்டினாலும் காற்று அடித்தால் உடம்புக்கு 10 மாதிரி இருக்கும், பிள்ளைக்கு இன்னொரு சட்டை வேண்டும் என்பதை என்னிடம் அவள்தான் சொன்னாள். மூன்று மாதத்தில் டாக்டர் வீட்டுக்குத் தானே போன் செய்து பேசினாள். நேரலையில் இது நடக்காது. நிறுத்தவும் திருப்பவும் முடிந்ததால்தான் நடந்தது.

அம்மாவின் சீரியல் மட்டும் இந்தப் பெட்டிகளில் வராது. அதற்கு சன் நெக்ஸ்ட் மாதிரி செயலிதான் வழி. பழைய பகுதிகள் அதிலேயே இருப்பதால் பதிவே தேவையில்லை. கோயில் வாசலிலும் மளிகைக் கடையிலும் "ஒரே பெட்டி, எல்லா இந்தியச் சேனலும், ஒரு தடவை பணம் கட்டினால் போதும்" என்பார்கள். அது திருட்டு ஒளிபரப்பு. என் நண்பர் ஒருவர் வாங்கிய பெட்டி மூன்று மாதத்தில் இருண்டுபோனது, விற்றவர் போனை எடுக்கவில்லை. அம்மா நேரலையாகவே பார்க்க விரும்பினால், ஜனவரியில் ஊரின் ராத்திரி 9 மணி இங்கே காலை 10.30. மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரம் மாறியதும் அது 11.30 ஆகிவிடும். முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சீரியலை நிறுத்திவிட்டார்கள் என்று கவலைப்படுவார்கள்.

முதலில் ஆன்டெனாவை வைத்து டி.வி.யிலேயே நேராகச் சொருகிப் பாருங்கள், 7-ம் 13-ம் நிலையாக வந்த பிறகு பெட்டி வாங்கலாம். கம்பி நீட்டும் ஆன்டெனா என்னிடம் ஒன்று சும்மாதான் கிடக்கிறது. சனிக்கிழமை ஓக் ட்ரீ ரோட்டுக்குக் காய்கறி வாங்க வருவேன். எத்தனை மணிக்கு வசதி என்று எழுதுங்கள், கையோடு கொண்டு வருகிறேன்.