வாரன்டிக்கு வருவது உங்கள் மோட்டார்தானா?

கேள்வி: கோவையில் 14 ஆண்டுகளாக சப்மெர்சிபிள் மோட்டார் தயாரிக்கிறோம். பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்திருக்கிறோம். இப்போது அதே பெயர், அதே லேபிளோடு டூப்ளிகேட் வருகிறது. விற்பனை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் எரிந்துபோன மோட்டார்கள் வாரன்டி கேட்டு வந்துகொண்டே இருக்கின்றன. சின்னக் கம்பெனி நாங்கள். வழக்கு என்று இறங்கலாமா, கண்டுகொள்ளாமல் விடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். போலியால் வரும் நஷ்டம் எல்லா நேரமும் விற்பனைக் கணக்கில் முதலில் தெரியாது. உங்களுக்கு நடந்ததுபோல சர்வீஸ் பக்கம்தான் தலைகாட்டும். செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பியில் வைண்டிங் செய்து, ஜிஎஸ்டி கட்டாமல் விற்பவர் உங்களைவிட எவ்வளவோ குறைத்துக் கொடுக்கலாம். டீலருக்கும் அதில் கை நிறைய நிற்கும். அப்புறம் அவர் உங்களிடமே விலையைக் குறைக்கச் சொல்வார். குறைத்தால் தரம் போகும், குறைக்காவிட்டால் கடை போகும். பெரிய கம்பெனி இதைச் சில வருடம் தாங்கும். கடனில் ஓடும் பட்டறை தாங்காது. வாழை காயும்போது மோட்டார் எரிந்த விவசாயி திட்டுவதும் உங்கள் பெயரைத்தான்.

சரி, எடுத்த எடுப்பில் டீலரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சரக்கு அன்றிரவே இடம் மாறிவிடும். தெரியாத முகமாக ஒருவரை அனுப்பி ஒரு மோட்டார் வாங்குங்கள். பில் தராமல் துண்டுச் சீட்டு கொடுத்தால், பணத்தை யுபிஐயில் செலுத்துங்கள். அந்தப் பதிவு பின்னால் உதவும்.

1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டப்படி போலி முத்திரை பதிப்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் இந்தச் சட்டத்தில் வாரன்ட் இல்லாமல் சரக்கைக் கைப்பற்ற டிஎஸ்பி அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரி வேண்டும். அவரும் முதலில் டிரேட்மார்க் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். அதில் நாள் ஓடிவிடும். லேபிளின் ஓவியத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) இருந்தால் வேலை சுலபம்: பதிப்புரிமைச் சட்டத்தில் எஸ்.ஐ.யே கைப்பற்றலாம். லேபிளை வெளி டிசைனர் வரைந்திருந்தால், உரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக அவரிடம் இன்றே எழுதி வாங்குங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

என்னைக் கேட்டால், சிவில் வழக்கைத்தான் முதலில் எடுப்பேன். பதிவு செய்த பெயர் என்பதால், போலி எந்த ஊரில் விற்றாலும் டிரேட்மார்க் சட்டத்தின் பிரிவு 134 உங்களைக் கோவையிலேயே வழக்குப் போட விடுகிறது. பதிவு இல்லாதவருக்கு இந்தச் சலுகை கிடையாது. இடைக்காலத் தடையோடு, கிடங்கைப் பார்வையிட அட்வகேட் கமிஷனரையும் (நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர்) கேளுங்கள். யாரிடமிருந்து சரக்கு வந்தது என்பது அந்தக் கிடங்கின் கணக்கில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இனி வரும் மோட்டார்களில் வரிசை எண்ணை ஸ்டிக்கரில் ஒட்டாமல் உடம்பிலேயே பொறியுங்கள். எந்த எண் எந்த டீலருக்குப் போனது என்று குறித்து வையுங்கள். போலியை வாங்கி ஏமாந்து வருகிறவரைத் திட்டி அனுப்பாதீர்கள். கடையின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, முடிந்த தள்ளுபடியில் உங்கள் மோட்டாரைக் கொடுங்கள்.