கேனரியின் பாட்டும் மூளையில் பிறக்கும் புது செல்களும்

கேள்வி: வளர்ந்த பிறகு மூளையில் புது செல் உருவாகாது என்றுதான் பள்ளியில் படித்தோம். பாடும் பறவைகளுக்கு மட்டும் உருவாகிறது, அதனால்தான் அவை புதுப் பாட்டு கற்கின்றன என்கிறார்களே, உண்மையா? நமக்கும் அப்படி நடக்குமா?

உருவாகிறது என்பது உண்மை. சந்தேகமே வேண்டாம். ‘அதனால்தான்’ என்ற சொல்லில்தான் எனக்குத் தயக்கம். அதை விளக்கவே இந்தப் பதில்.

ஒரு ஆய்வுக் குழுவில் ஸீப்ரா ஃபிஞ்ச் பறவைகளின் பாட்டைப் பதிவு செய்து, ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது ஒலியைப் படமாகக் காட்டும் வரைபடத்தில், அசை அசையாகப் பிரித்துக் குறிக்கும் வேலையை இரண்டு வருடம் செய்தேன். ஆண் பறவை மட்டுமே பாடும் இனம் இது. குஞ்சு பிறந்து நாற்பது நாள் வாக்கில் ஒரு மூலையில் இறகை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, தொண்டை மட்டும் துடிக்க முணுமுணுக்கும். மழலை என்றுதான் அதைச் சொல்லத் தோன்றும். திரையில் பார்த்தால் மை சிந்திய மாதிரி இருக்கும், எந்த அசை எங்கே முடிகிறது என்றே தெரியாது. வாரங்கள் போகப் போக அந்த மையிலிருந்து கோடுகள் பிரிந்து வரும். தொண்ணூறு நாளில் பார்த்தால், ஒரு விநாடிக்கும் குறைவான ஒரே துண்டு, அப்பாவிடம் கேட்டுப் பழகிய அதே துண்டு, அச்சடித்த மாதிரி திரும்பத் திரும்ப வரும். அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க அதே பாட்டுதான்.

கேனரி என்ற பாடும் பறவை வேறு மாதிரி. வசந்தத்தில் அதன் பாட்டு நிலையாக இருக்கும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பாட்டு தளர்ந்து, கிட்டத்தட்ட மழலைக்கே திரும்பிவிடும். சில பழைய அசைகள் காணாமல் போகும், புதியவை சேரும். அடுத்த வசந்தத்தில் பாட்டு மறுபடி கெட்டிப்படும்.

நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஃபெர்னாண்டோ நாட்டபோம், அர்ஜென்டினாவில் பிறந்தவர், இந்தக் கேனரிகளை எடுத்துக்கொண்டார். பாட்டை நடத்தும் மூளைப் பகுதிகள் எவை என்று 1976-இல் அவர் குழு கண்டுபிடித்திருந்தது. அதில் முக்கியமானது ஹெச்.வி.சி. என்ற பகுதி. 1981-இல் அவர் வெளியிட்ட அளவுகளின்படி, ஆண் கேனரியின் ஹெச்.வி.சி. இலையுதிர்காலத்தில் இருப்பதைவிட வசந்தத்தில் 99 சதவீதம் பெரிது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! வளர்ந்து முடிந்த ஒரு பறவையின் மூளையில் ஒரு பகுதி வருடா வருடம் சுருங்கி விரிகிறது.

எப்படிப் பெரிதாகிறது? இருக்கும் செல்களின் கிளைகள் நீண்டிருக்கலாம். புது செல்களே வந்திருக்கலாம். இதைச் சோதிக்க அவரும் ஸ்டீவன் கோல்ட்மேனும் பெண் கேனரிகளைப் பயன்படுத்தினார்கள். பெண்ணுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொடுத்தால் ஆணைப் போலப் பாடத் தொடங்கும், ஹெச்.வி.சி.யும் பெருக்கும். பிரியப்போகும் செல், டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது அதற்கு வேண்டிய மூலப்பொருளான தைமிடினை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தத் தைமிடினில் கதிரியக்கம் ஏற்றிவிட்டால், பிறகு எந்த செல் புதிதாகப் பிறந்தது என்று அடையாளம் காணலாம். ஒப்பீட்டுக்காகச் சில பறவைகளுக்கு ஹார்மோனுக்குப் பதில் வெறும் கொலஸ்ட்ரால் வைத்தார்கள்.

முடிவு 1983-இல் வந்தது. ஹெச்.வி.சி.யின் நியூரான்களில், அதாவது நரம்புச் செல்களில், 1.8 முதல் 4 சதவீதம் வரை அடையாளம் ஏறியிருந்தது. ஹார்மோன் பெற்ற பறவைகளில் மட்டும் இல்லை, கொலஸ்ட்ரால் பெற்றவற்றிலும் ஏறக்குறைய அதே அளவு. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பாடத் தொடங்கிய பறவையில் புது செல் வரும் என்று எதிர்பார்த்துத் தேடினார்கள். பாடாமல் சும்மா இருந்த பறவையிலும் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. தைமிடின் ஊசி போட்ட உடனே மூளையைப் பார்த்த பறவைகளில் அடையாளம் ஏறிய நியூரான் ஒன்றுகூட ஹெச்.வி.சி.க்குள் இல்லை. அதற்கு மேலே, மூளைக்குள் திரவம் நிரம்பிய அறையின் சுவரில்தான் அடையாளம் குவிந்திருந்தது. அங்கே பிறந்து, நகர்ந்து, கீழே வந்து குடியேறுகின்றன.

சரி, செல் வந்துவிட்டது. வேலை செய்கிறதா? ‘அவை நியூரானே இல்லை’ என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். 1960-களில் ஜோசப் ஆல்ட்மேன் எலிகளில் இதே மாதிரி கண்டு சொன்னபோதும் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1984-இல் நாட்டபோமும் ஜான் பேட்டனும் மெல்லிய கண்ணாடி ஊசியை ஒவ்வொரு செல்லாகச் செலுத்தி, மின்துடிப்பைப் பதிவு செய்து, அதே செல்லுக்குள் சாயத்தையும் செலுத்தினார்கள். அப்புறம்தான் அந்தச் சாயம் ஏறிய செல்களில் எவற்றில் கதிரியக்க அடையாளமும் இருக்கிறது என்று பார்த்தார்கள். சிலவற்றில் இரண்டும் இருந்தன. அவற்றுள் ஒலி கேட்டதும் துடித்த செல்களும் இருந்தன. ஊசி முனையைக் குருட்டாம்போக்கில் இறக்கி, சில வாரங்களுக்கு முன் பிறந்த ஒரு செல்லைப் பிடிப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

இனி அந்த ‘அதனால்தான்’. கேனரியை மட்டும் பார்த்தால் கதை அழகாகப் பொருந்துகிறது. செல் சாவதும் புது செல் சேர்வதும் அக்டோபரிலும் மார்ச்சிலும் உச்சம் தொடுகின்றன, பாட்டு மாறும் காலங்களோடு அது ஒத்துப்போகிறது. ஆனால் என் ஸீப்ரா ஃபிஞ்ச்? தொண்ணூறு நாளோடு கற்று முடித்த பறவை. அதன் ஹெச்.வி.சி.யிலும் வளர்ந்த பிறகு புது நியூரான்கள் சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. புதுப் பாட்டு ஒன்றும் வரவில்லையே!

இங்கே இன்னொரு தகவலைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸீப்ரா ஃபிஞ்சுக்கு வயது ஏற ஏற புது நியூரான் வரத்து குறைகிறது. கேட்கும் திறன் போய்விட்டால் இளம் பறவையின் பாட்டு சீக்கிரம் சிதைகிறது, மூத்த பறவையின் பாட்டு நெடுநாள் தாங்குகிறது. இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: புதிதாக வந்து சேரும் செல்லுக்குப் பாட்டு தெரியாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாட்டோடு சேர்ந்து ஓடி, தன் காதால் கேட்டுத் திருத்தித்தான் அது இணைகிறது. புது செல் நிறைய வரும் மூளையில் திருத்தமும் நிறைய தேவை. கேனரி திருத்தத்துக்குக் கிடைக்கும் அந்த இடைவெளியைப் பயன்படுத்திப் பாட்டை மாற்றிக்கொள்கிறது. ஸீப்ரா ஃபிஞ்ச் அதே இடைவெளியில் பழைய பாட்டைக் காப்பாற்றிக்கொள்கிறது. புது செல் மாற்றத்துக்கு இடம் தருகிறது, மாறியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. இது என் வாசிப்பு. காரணம் இன்னும் முழுதாகத் தீர்ந்த விஷயம் இல்லை.

அப்படியென்றால் பாட்டு எந்த செல்லில் இருக்கிறது? எத்தனையோ செல்கள் செத்து, வேறு செல்கள் வந்தமர்ந்த பிறகும் என் திரையில் அதே துண்டு அச்சு மாறாமல் வந்தது. இரண்டு வருடமும் என்னைத் துரத்திய கேள்வி இதுதான்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். பாடுவதற்கும் அந்த செல்கள் பிழைப்பதற்கும் தொடர்பு உண்டு. கேனரி பாடப் பாட ஹெச்.வி.சி.யில் பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிப் புரதம் கூடுகிறது. புதிதாக வந்த நியூரான்கள் சாகாமல் தங்குவதற்கு அது உதவுகிறது.

நமக்கு நடக்குமா என்பதற்குச் சுருக்கமான பதில்: ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியில் நடக்கிறது என்று 1998-இல் முதல் நேரடிச் சான்று வந்தது. 2018-இல் சில வார இடைவெளியில் வந்த இரண்டு ஆய்வுகளில் ஒன்று, பெரியவர்களில் அது கண்ணுக்கே தட்டுப்படவில்லை என்றது. மற்றது, முதுமை வரை தொடர்கிறது என்றது. இறந்தவரின் மூளைத் திசு எத்தனை மணி நேரம் கழித்துப் பதப்படுத்தப்பட்டது என்பதில் தொடங்கி இன்றும் வாதம் நடக்கிறது. ஆகவே ‘புது மொழி கற்றால் புது மூளை செல் முளைக்கும்’ என்று யாராவது கேனரியைக் காட்டிச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கேனரியிலேயே விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

முடிந்தால் ஒரே ஸீப்ரா ஃபிஞ்ச் நாற்பத்தைந்து நாளில் பாடியதையும் தொண்ணூறு நாளில் பாடியதையும் தேடி, அடுத்தடுத்துக் கேளுங்கள். முதல் பதிவை ஒன்றுக்கு இரண்டு முறை கேளுங்கள். அந்த முணுமுணுப்புக்குள் எங்கோ அப்பாவின் ஓர் அசை அரைகுறையாக வந்து போகும்.